கண்ணை மூடிக்கொண்ட கரண்ட் மீன்

திருப்பதிக்காரர்களுக்கு உயரம் தெரியும், ஆழம் தெரியுமா? திருமலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர். அதே அளவு கடலுக்குள் இறங்குங்கள் பார்ப்போம். படி கிடையாது, விளக்கு கிடையாது, நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கக் கல் மண்டபமும் கிடையாது. நம் தலைமேல் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல எண்பது மடங்குக்கும் மேலான அழுத்தம்! அங்கே சேற்றில் ஹாயாகப் படுத்திருக்கிறார் நம்மவர்: பெந்தோபாடிஸ் மோரெஸ்பை, ஆழ்கடல் மின்திருக்கை. நீளம் ரொம்பப் போனால் ஒன்றேகால் அடி.

முதலில் மாட்டியது திருவிதாங்கூர் கரைக்கு அப்பால், அரபிக்கடலில், 430 பாகம் (ஃபாதம்) ஆழத்தில். 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற பம்பாயில் கட்டிய நீராவிக் கப்பலின் வலை அள்ளி வந்தது. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் ஆல்காக் 1898இல் பெயர் வைத்தார்.

கண்ணைத் தேடாதீர்கள். சுருங்கித் தோலுக்கடியில் புதைந்துகிடக்கிறது. வெளிச்சமே எட்டாத இடத்தில் கண்ணுக்கு வீண் செலவு செய்வானேன்? ஆனால் கரண்டை மட்டும் துண்டிக்கவில்லை, அதுதான் ஜோர்! தலைக்கு இரண்டு பக்கமும் சிறுநீரக வடிவில் இரண்டு மின் உறுப்புகள். தசையாகியிருக்க வேண்டிய செல்கள் தட்டையாகி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன. ஒவ்வொன்றும் தருவது துளி மின்சாரம்தான். மூளை உத்தரவு போட்டதும் எல்லாம் ஒரே கணத்தில் சேர்ந்து பாயும். 1800இல் வோல்ட்டா தன் பேட்டரியை அறிவித்தபோது, மின்திருக்கையின் உறுப்போடு ஒப்பிட்டு அதைச் 'செயற்கை மின் உறுப்பு' என்றே அழைத்தார். உங்கள் வீட்டு டார்ச்லைட்டுக்குத் திருக்கை ஒருவகையில் கொள்ளுத்தாத்தா!

இன்னொரு கூத்தும் உண்டு. அரபிக்கடலில் சுமார் 150 மீட்டருக்குக் கீழே தொடங்கி 1,000 மீட்டரையும் தாண்டி ஆக்சிஜனுக்குப் படு பஞ்சம். பெரிய மீன்கள் பலவும் ஒதுங்கிப் போகும் அந்தப் பஞ்சத்தில்தான் இவர் குடித்தனமே. அதுவும் முட்டையிட்டுவிட்டுப் போகாமல், குட்டி போட்டுக் குடும்பம் நடத்துகிறார்! சோமாலியா, ஏமன் பக்கமும் சொந்தம் உண்டு.

2022இல் மாவட்டம் பிரிந்தபோது திருப்பதிக்குப் பழவேற்காட்டு ஏரியும் ஸ்ரீஹரிகோட்டாவுமாகக் கடலோரம் கிடைத்தது. சித்தூருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, பாவம். அந்தக் கரைக்கு எதிரே விரியும் வங்கக் கடலின் ஆழம் குறைந்த பகுதிகளிலும் மின்திருக்கைகள் உண்டு. தரங்கம்பாடியில் கிடைத்த ஒரு மின்திருக்கைக்கு 1801இலேயே அறிவியல் பெயர் வந்துவிட்டது. கரைக்கு வரும் வலையில் வட்ட உடம்பும் தடித்த வாலுமாக ஒன்று நெளிந்தால், செல்ஃபி ஆசையில் ஈரக்கையால் தூக்கிவிடாதீர்கள்.