சீருடையும் மனச்சாட்சியும்: வில்ம் ஹோசன்ஃபெல்டின் வாழ்க்கை

கொடுங்கோல் அரசின் சீருடையை அணிந்திருந்தவருக்கும் அறத்தின்படி நடக்க இடமிருந்தது என்பதற்கு, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்தின் கேப்டனாக இருந்த வில்ம் ஹோசன்ஃபெல்டின் வாழ்க்கை மறுக்க முடியாத சான்றாகும். ஹெஸ்ஸ மாநிலத்தில் 1895-இல் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்த அவர், முதல் உலகப் போரில் காலாட்படை வீரராகப் போரிட்டு 1917-இல் படுகாயமுற்றார்; பின்னர் கிராமப் பள்ளி ஆசிரியரானார்.

நாட்டுப்பற்று மிகுந்த அவரும் தொடக்கத்தில் ஹிட்லரை நம்பி, 1933-இல் நாஜிகளின் துணைப்படையான எஸ்.ஏ.விலும் 1935-இல் கட்சியிலும் சேர்ந்தார். அந்த நம்பிக்கையைப் போலந்து தகர்த்தது. 1939-இல் மீண்டும் படைக்கு அழைக்கப்பட்டு, பாபியானிட்சே நகரில் போர்க்கைதி முகாமைக் காவல் காத்தபோதே, கைதிகளை உறவினர் சந்திக்க விதிகளை மீறி இசைவளித்தார். 1940 முதல் வார்சாவில் பணிபுரிந்தபோது, மதில் எழுப்பி யூதர்களை அடைத்துவைத்த ‘கெட்டோ’ பகுதியிலிருந்து மக்கள் ட்ரெப்லிங்கா கொலைமுகாமுக்கு ரயிலேற்றப்படுவதை அறிந்து, தம் நாட்டின் குற்றத்தையும் அதில் தமக்குள்ள பங்கையும் நாட்குறிப்பில் கண்டித்து எழுதினார். பிடிபட்டால் உயிருக்கே ஆபத்தான அக்குறிப்பேடுகளை ராணுவ அஞ்சல் வழியாகவே வீட்டுக்கு அனுப்பினார்.

எழுத்தோடு அவர் நின்றுவிடவில்லை. படையினரின் விளையாட்டுப் பயிற்சிக்குப் பொறுப்பாளராக இருந்ததால் கிடைத்த அதிகாரத்தைக் கொண்டு, ட்ரெப்லிங்கா ரயிலிலிருந்து தப்பிய லியோன் வார்ம் என்ற யூதருக்கு வேற்றுப்பெயரில் வேலை அளித்தார். 1944 நவம்பரில், வார்சாவின் இடிபாடுகளிடையே ஒளிந்திருந்த பியானோ கலைஞர் விளாடிஸ்லாவ் ஸ்பில்மனைக் கண்டதும் காட்டிக்கொடுக்காமல், மறைவிடம் அமைக்க உதவி, உணவும் மேலங்கியும் தந்து காத்தார்.

1945 ஜனவரியில் சோவியத் படையிடம் சிறைப்பட்ட அவருக்கு, ஜெர்மானியருக்கு எதிராக 1944-இல் நடந்த வார்சா எழுச்சியில் பிடிபட்டவர்களை விசாரித்ததும் குற்றமாகக் கொள்ளப்பட்டு, 1950-இல் 25 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. தன்னைக் காத்தவரின் பெயரை அறிந்தபின் ஸ்பில்மன் எடுத்த விடுதலை முயற்சி பலிக்கவில்லை. 1952 ஆகஸ்டில் ஸ்டாலின்கிராடில் அவர் கைதியாகவே இறந்தார்.

ஸ்பில்மனைப் பற்றிய, இயக்குநர் போலன்ஸ்கியின் ‘தி பியானிஸ்ட்’ திரைப்படம் 2002-இல் அவரை உலகறியச் செய்தபோதும், யூத இன அழிப்பு நினைவு நிறுவனமான யாத் வஷேம், அவர் போர்க்குற்றங்களில் ஈடுபட்டாரா என்பதை ஆராய்ந்த பின்னரே 2008-இல், யூதர்களைக் காத்த பிற இனத்தவர்க்குரிய ‘நேர்மையாளர்’ பட்டத்தை வழங்கியது. இந்த நிதானம் நியாயமானதே. எனினும், கட்டளையை மீற வழியே இருக்கவில்லை என்று போருக்குப் பின் வாதிட்ட அதிகாரிகளுக்கு, அதே படையில், அதே நகரில் பணியாற்றிய அவருடைய செயல்களே மறுப்பாக நிற்கின்றன.