காருக்கு ஒரு பாகப்பிரிவினை!

'கார் பார்ட்ஸ்னா கார் பார்ட்ஸ்தானே சார், இதுல என்ன குழப்பம்?' என்று கேட்கிறவர்கள் கஸ்டம்ஸ் பக்கம் தலைவைத்துப் படுக்காத புண்ணியவான்கள்!

கப்பலில் வந்து இறங்கும் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு நம்பர் உண்டு. 1988 முதல் உலக நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் ஏற்பாடு இது. முதல் ஆறு இலக்கம் எல்லோருக்கும் பொது. நம்ம நாட்டில் இன்னும் இரண்டு சேர்த்து எட்டு. வரி எவ்வளவு என்பது இந்த நம்பரின் தலையில்தான் எழுதியிருக்கிறது.

வண்டிகளுக்கு 87-வது அத்தியாயம். உதிரி பாகங்களுக்கு 8708. பம்பர், பிரேக், கியர்பாக்ஸ், சீட் பெல்ட் எல்லாம் சமர்த்தாக இங்கே உட்கார்ந்துவிடும்.

மற்றவை? கூட்டுக் குடும்பம் சொத்துப் பிரித்த கதைதான்! டயர் 40-க்குப் போய் ரப்பரோடு சேர்ந்துவிடும். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி 70-ல். இன்ஜின் 84-ல். ஸ்பார்க் பிளக்கும் ஹெட்லைட்டும் 85-ல். ஸ்பீடாமீட்டர் 90-ல், டாக்டரின் ஸ்டெதஸ்கோப்புக்குப் பக்கத்தில். சீட்டோ 94-ல், சோபா செட்டோடு!

காருக்குள் விரிக்கும் மேட் விஷயம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது. உள்நாட்டு எக்ஸைஸ் வழக்குதான். ஆனால் அங்கேயும் இதே நம்பர் முறைதான். 'காருக்கென்றே செய்தது, அதனால் 8708' என்றது இலாகா. 'இல்லீங்க, இது கார்ப்பெட். 57-வது அத்தியாயம்' என்றது கம்பெனி. 2020-ல் கம்பெனி பக்கம் தீர்ப்பானது. காருக்குள் போய்விட்டதாலேயே கார்ப்பெட் கார் பார்ட் ஆகிவிடாது!

இன்னொரு விதி இதைவிட வம்பு. முழு வண்டியைக் கழற்றிக் கொண்டு வந்தாலும், கணக்குக்கு அது முழு வண்டிதான். 2024 செப்டம்பரில் ஃபோக்ஸ்வேகனின் இந்திய நிறுவனத்துக்கு ஒரு நோட்டீஸ் போனது. 'கிட்டத்தட்ட முழுக் காரையே தனித்தனி பார்ட்ஸாகக் காட்டி இறக்கியிருக்கிறீர்கள். 30, 35 சதவிகிதம் கட்ட வேண்டியதற்கு 5 முதல் 15 சதவிகிதம்தான் கட்டியிருக்கிறீர்கள்' என்பது குற்றச்சாட்டு. கேட்ட தொகை சுமார் 140 கோடி டாலர்! நிறுவனம் இதை மறுத்து 2025-ல் மும்பை ஹைகோர்ட்டில் வழக்கு நடத்தியது.

பெரிய இடத்து விவகாரம், நமக்கென்ன என்கிறீர்களா? 2011-லிருந்து நம்பரை முடிவு செய்து வரியைக் கணக்குப் போட வேண்டியது இறக்குமதி செய்பவரே. அதாவது, இம்போர்ட் செக்ஷனில் பில் ஆஃப் என்ட்ரிக்குக் காகிதம் தயார் செய்யும் நீங்கள்! தெரியாமல் நடந்த தப்பென்றால், குறைந்த வரியை இரண்டு வருஷம் வரை பின்னோக்கி வட்டியோடு கேட்கலாம். வேண்டுமென்றே மறைத்ததாக முடிவானால் ஐந்து வருஷம். கூடவே வரிக்குச் சமமாக அபராதம்!

எனவே, 'எந்த வண்டிக்கு?' என்று கேட்பதற்கு முன்னால், 'இது என்ன சாமான், எதால் செய்தது?' என்று கேளுங்கள். கேட்லாக், டிராயிங்கை ஃபைலில் பத்திரப்படுத்துங்கள். சந்தேகமென்றால், சரக்கு வருவதற்கு முன்பே முன்கூட்டித் தீர்ப்பு சொல்லும் சுங்க ஆணையத்தை டெல்லியிலோ மும்பையிலோ அணுகலாம்.

முன்னால் கேட்டால் அது சந்தேகம். பின்னால் மாட்டினால் அது நோட்டீஸ்!