ஸ்டாண்டு கேமராவின் ஒரு மில்லிமீட்டர்

திருவண்ணாமலையின் கிழக்கு ராஜகோபுரம் 11 நிலை, 217 அடி. தெருவில் நின்று செல்போனை அண்ணாத்திப் பிடித்தால் படத்தில் கோபுரம் மேலே குறுகிப் பின்னால் சாய்ந்துவிடும். பழைய ஸ்டாண்டு கேமராவில் அண்ணாத்தும் வேலையே இல்லை. பெட்டியை மட்டமாக நிறுத்தி, லென்ஸ் பலகையை மட்டும் மேலே ஏற்றினால் போதும், கோபுரம் நேராக நிற்கும். மதுரையையும் தஞ்சாவூரையும் 1858இல் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் படமாக்கியது பெரிய காகித நெகடிவ்களில்தான். பக்கத்துக் கேரளத்தின் ஆலப்புழையிலேயே 1940களில் தொடங்கி ‘வாகீஸ்வரி’ என்ற பெயரில் மரக் கேமராக்கள் உருவாயின. இப்படிப்பட்ட கேமராவைப் பழையதாக வாங்குபவர்கள் பித்தளையின் பளபளப்பையும் லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்பதையும் பார்க்கிறார்கள். மடிப்புத் துருத்தியான பெல்லோஸுக்குள் டார்ச் அடித்து ஓட்டை தேடுகிறவர்களும் உண்டு. எல்லாம் தேவைதான். ஆனால் படத்தைக் கெடுக்கும் பெரிய பிழை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது: நாம் ஃபோகஸ் பார்க்கும் கிரவுண்ட் கிளாஸும், பிறகு அங்கே வந்து உட்காரும் ஃபிலிமும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா?

பழைய கேமராக்களில் கிரவுண்ட் கிளாஸ் ஒருமுறையாவது உடைந்து மாறியிருக்க வாய்ப்பு அதிகம். அதன் சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்த்திருக்க வேண்டும். 2 மி.மீ. கனமுள்ள கண்ணாடியைத் திருப்பி மாட்டிவிட்டால், கண்ணாடிக்குள் ஒளி வளைவதையும் கணக்கில் சேர்த்து, ஃபோகஸ் சுமார் 1.3 மி.மீ. விலகும். 150 மி.மீ. லென்ஸை வைத்து 3 மீட்டரில் உள்ள தூண் சிற்பத்தைக் கூர்மையாகப் பார்த்து எடுத்தால், ஃபிலிமில் கூர்மை விழுவது அதற்கு அரை மீட்டருக்கும் மேல் பின்னால். கோபுரம் போன்ற தூரப் பொருளுக்கோ கூர்மை எங்குமே விழாது.

“லென்ஸ் துளையை எஃப்/22க்குக் குறைத்து எடுத்தால் சரியாகிவிடுமே” என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். பாதி உண்மை. 1.3 மி.மீ. பிழையால் ஒரு புள்ளி எஃப்/22இல் 0.06 மி.மீ. வட்டமாகத்தான் விரிகிறது, 4x5 அங்குல ஃபிலிமில் 0.1 மி.மீ. வரை பொறுக்கலாம் என்பது வழக்கமான கணக்கு. ஆனால் எஃப்/5.6இல் அதே பிழை 0.23 மி.மீ. ஆகிறது. அதாவது, துளையைச் சுருக்கியதால் பிழை மறைந்ததே தவிர தீரவில்லை. முன்னும் பின்னும் கூர்மை கிடைப்பதற்காக வைத்திருந்த இருப்பில் பாதிக்கு மேல் அதுவே தின்றுவிட்டது. ஆயிரங்கால் மண்டபத்தைப் போன்ற இருட்டில் துளையைச் சுருக்குவதும் எளிதல்ல: எஃப்/5.6இல் ஒரு விநாடி என்றால் எஃப்/22இல் 16 விநாடி. நீண்ட நேரத்தில் ஃபிலிமின் உணர்திறனும் தளர்வதால் இன்னும் கூடுதலாகவே தர வேண்டும். எனவே பழைய கேமராவைச் சோதிக்க வேண்டியது துளையை முழுதாகத் திறந்துவைத்துத்தான். சாய்வாக வைத்த ஸ்கேலில் ஒரு கோட்டுக்கு ஃபோகஸ் செய்து எடுத்த ஒரே படம், பிழை எந்தப் பக்கம் என்று சொல்லிவிடும்.

சாய்ந்த கோபுரத்தைக் கணினியில் நிமிர்த்தலாமே என்ற கேள்வியும் நியாயமானது. செய்தித்தாள் அளவுக்கு அது போதும். ஆனால் மென்பொருள் இழுத்து விரிப்பது கோபுரத்தின் உச்சியை. ஏற்கெனவே மிகத் தொலைவில், மிகச் சிறியதாகப் பதிவான சுதைச் சிற்பங்களை. அங்கே பதிவாகாத நுணுக்கத்தை எந்த நிரலும் மீட்டுத் தராது. ஆவணமாக நிற்க வேண்டிய படத்துக்கு இது சிறிய இழப்பல்ல.

கிரவுண்ட் கிளாஸின் பிழையைச் சரிசெய்யப் பெரிய கருவி வேண்டாம். வீணான ஒரு ஃபிலிமை ஹோல்டரில் போட்டு, குறுக்கே நேரான ஸ்கேல் வைத்து, வெர்னியரின் ஆழக்கம்பியால் ஃபிலிம் வரை நான்கு மூலையிலும் நடுவிலும் அளந்து, ஸ்கேலின் கனத்தைக் கழிக்க வேண்டும். நவீன 4x5 ஹோல்டரின் ஆழத்துக்கு நியமம் 0.197 அங்குலம், ஏறக்குறைய 5 மி.மீ.; கூடக் குறைய 0.18 மி.மீ. வரை அனுமதி. பிறகு கேமராவின் பின்சட்டத்தில், ஹோல்டர் உட்காரும் விளிம்பிலிருந்து கண்ணாடியின் சொரசொரப்புப் பக்கம் வரை, ஃபிலிம் வரை அளந்த அதே அளவு வருகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணாடி லென்ஸை நெருங்கியிருந்தால் மூலைகளில் காகிதத் துண்டு கொடுக்கலாம். சாதாரண ஜெராக்ஸ் தாள் ஒன்றின் கனம் ஏறக்குறைய 0.1 மி.மீ. இருக்கும். கண்ணாடி விலகியிருந்தால் தாங்குமரத்தை உப்புத்தாளால் மிகச் சிறிதாகத் தேய்க்க வேண்டும், ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஓர் அளவு. மரம் சித்திரை வெயிலில் சுருங்கி ஐப்பசி மழையில் ஊதும் என்பதால், கார்த்திகை தீபத்துக்கு எடுக்கும் முன் இதே அளவை மறுபடி எடுத்துப் பார்ப்பது நல்லது.