உங்களுக்குத் தெரியுமா? பழைய லேப்டாப்பில் பயாஸைத் திறப்பது எப்படி

கணினியை உயிர்ப்பிக்கும் பயாஸ், 1970களில் கேரி கில்டால் உருவாக்கிய சிபி/எம் இயங்குதளத்திலேயே இருந்தது. ஆனால் அதன் அமைப்புப் பக்கத்தைத் திறக்க எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விசை என்று ஒன்று இன்றுவரை கிடையாது. பெரும்பாலான டெல் லேப்டாப்களில் எஃப்2, எச்.பி.யில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1. பழைய தோஷிபா மாடல்கள் பலவற்றில் முறையே வேறு: எஸ்கேப் விசையை அழுத்திப் பிடித்தபடி பவர் பட்டனை அழுத்த வேண்டும், பிறகு திரை கேட்கும்போது எஃப்1. இது தெரியாமல் நல்ல கணினியைப் பழுதென்று மூலையில் போட்டுவிடுகிறார்கள், வருத்தமாக இருக்கிறது.

தேதியும் நேரமும் அடிக்கடி மாறிப்போனால், பெரும்பாலும் மதர்போர்டில் உள்ள சிறு பேட்டரி தீர்ந்திருக்கும். மாற்றினால் சரியாகிவிடும்.

பாஸ்வேர்டு விஷயம் அவ்வளவு எளிதல்ல. திங்க்பேடின் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு, மின்சாரம் இல்லாமலும் தகவலைக் காக்கும் தனிச் சிப்பில் பதிவாகிறது. அந்தப் பேட்டரியைக் கழற்றினாலும் அது அழியாது. மறந்துவிட்டால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்கிறது நிறுவனத்தின் கையேடு. ஆகவே செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்குகிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே பயாஸைத் திறந்து பார்த்துவிடுங்கள்.