இளம் உதைபந்தாட்டக்காரரை மதிப்பிடுதல்: ஒரு சமூகவியல் நோக்கு

இலக்கியத் திறனாய்வைத் துறையாகக் கொண்டோர் உதைபந்தாட்டம் பற்றி ஆய்விதழொன்றில் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும் வளர்ந்துவரும் கவிஞர் ஐவர், நம்பிக்கை தரும் சிறுகதையாசிரியர் பதின்மர் என்றவாறு பட்டியலிடும் வழக்கம் எமது இலக்கிய உலகிலும் நெடுங்காலமாக உண்டு. அப்பட்டியல்களின் அளவுகோல் யாது, பட்டியலிடுவோரின் கண்ணிற் படாது போனோர் யாவர், பத்தாண்டுகள் கழிந்தபின் அவை என்னவாயின என்னும் வினாக்களை நாம் அரிதாகவே எழுப்புகின்றோம். எழுப்பினும் விடை காண்பது கடினம். உதைபந்தாட்டத்தின் நிலை வேறு. அங்கே ஆட்டக்காரர் பிறந்த திகதி, ஆடிய போட்டிகள், அடித்த கோல்கள், கைமாறிய பணம் யாவும் பதிவாகியுள்ளன. பதினாறு வயதுச் சிறுவர்களை நாட்டின் எதிர்காலத் தேசிய அணிக்குரியோரென இனங்கண்டு முதலாமவன், இரண்டாமவன் என வரிசைப்படுத்தும் செயலின் உள்ளியக்கத்தை ஆராய்வதற்கு இதனிலும் வாய்ப்பான களம் கிடைப்பது அரிது.

தரப்படுத்தல் என்னும் சொல்லை இக்கட்டுரையில் தவிர்த்துள்ளோம். 1970களின் பல்கலைக்கழக அனுமதி முறையோடு அச்சொல் எம் வாசகர் மனத்திற் பிரிக்கவியலாதவாறு பிணைந்துவிட்டமையே காரணம்.

முதலில் வரிசைப்படுத்துவோரின் வெற்றி தோல்விகளை நோக்குவோம். சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் 1985இல் சீனாவில் பதினாறு வயதுக்குட்பட்டோருக்கான உலகச் சுற்றுப்போட்டியைத் தொடங்கியது. 1991 முதல் அது பதினேழு வயதுக்குட்பட்டோருக்குரியதாயிற்று. சுற்றுப்போட்டியின் தலைசிறந்த ஆட்டக்காரருக்குத் தங்கப் பந்து வழங்கப்படும். ஒரு குறிப்பிட்ட வயதில் உலகிலேயே முதலிடம் இவனுக்கு என்று அதிகாரபூர்வமாக வழங்கப்படும் தீர்ப்பு அது. 2003இல் அதனைப் பெற்ற ஸ்பெயினின் செஸ்க் பப்ரேகாஸ் 2010இலும், 2007இல் பெற்ற ஜேர்மனியின் டோனி குறூஸ் 2014இலும் உலகக் கிண்ணத்தை வென்ற அணிகளில் இடம்பெற்றனர். 1999இல் பெற்ற அமெரிக்கரான லண்டன் டொனவன் தம் நாட்டுக்காக 157 போட்டிகளில் ஆடி 57 கோல்களை அடித்தார். தீர்ப்பு பிழைபடவில்லை என்று கூறத் தோன்றும். ஆனால் 1989இல் அதே பந்தைப் பெற்ற ஸ்கொத்லாந்தின் பந்துக்காப்பாளர் ஜேம்ஸ் வில் பின்னர் பொலிஸ் உத்தியோகத்தரானார். 1995இல் ஓமானின் மொஹமட் அல் கத்தீரி, 1997இல் ஸ்பெயினின் சேர்ஜியோ சந்தமரியா, 2009இல் நைஜீரியாவின் சனி இம்மானுவேல் ஆகியோர் பெற்றனர். உதைபந்தாட்ட ஆர்வலருள்ளும் இப்பெயர்களை இன்று நினைவு வைத்திருப்போர் மிகச் சிலரே.

இவர்களுட் கானா நாட்டின் நீய் லம்ப்டியின் கதை தனித்து நோக்கத்தக்கது. 1991இல் தங்கப் பந்தைப் பெற்ற இச்சிறுவன் பெலேயின் வாரிசாகப் பேசப்பட்டான். பதினாறு வயதிலேயே பெல்ஜியத்தின் அண்டர்லெக்ட் கழகத்துக்கு ஆடினான். பின்னர் ஒல்லாந்து, இங்கிலாந்து, இத்தாலி என நாடு நாடாகக் கைமாறினான். எழுத்தறிவு போதாத நிலையில் முகவர் நீட்டிய ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டதையும், அதன்வழி தாம் சுரண்டப்பட்டதையும் அவரே பிற்காலத்தில் எடுத்துரைத்துள்ளார். ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற பின்னர் அவர் அக்ராவில் ஒரு பாடசாலையை நிறுவினார். இங்கு மதிப்பீடு தவறியது என்று மட்டும் கூறி அமைதல் பொருந்தாது. அம்மதிப்பீட்டினாலேயே சிறுவன் விலைமதிப்புள்ள பண்டமாயினான். பண்டமானபின் அவன் வளர்ச்சியைக் காட்டிலும் அவனது கைமாற்றமே பலருக்கு இலாபமளிப்பதாயிற்று.

பிரெடி அடூவின் வரலாறு இதன் அமெரிக்க வடிவம். 1989இல் கானாவின் தேமாவிற் பிறந்து குடும்பத்துடன் அமெரிக்கா சென்ற அவர், 2004இல் பதினான்கு வயதிலேயே தொழில்முறை ஆட்டக்காரராகக் களமிறங்கினார். அப்போதே பெலேயுடன் குளிர்பான விளம்பரமொன்றில் தோன்றிவிட்டார். நாட்டுக்காக அவர் ஆடியவை 17 போட்டிகள் மட்டுமே. அமெரிக்காவில் உதைபந்தாட்டத்துக்குச் சந்தையொன்றைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஓர் அற்புதச் சிறுவன் தேவைப்பட்டான் என்பதை மறந்து அவருடைய ‘வீழ்ச்சி’யைப் பற்றிப் பேசுதல் நேர்மையாகாது.

தனியொருவரின் கதைகளை விடுத்துத் தொகையான சான்றுகளுக்கு வருவோம். 1985இல் கனடாவில் ரொஜர் பான்ஸ்லி என்னும் உளவியலாளரும் அவர்தம் துணைவரும் பனிக்கட்டி ஹொக்கி ஆட்டக்காரரின் பிறந்த மாதங்களை ஆராய்ந்தனர். ஆண்டின் முதல் மாதங்களிற் பிறந்தோர் அளவுக்கு மிஞ்சியும் இறுதி மாதங்களிற் பிறந்தோர் மிகக் குறைந்தும் காணப்பட்டனர். இதே போக்கு பின்னர் உதைபந்தாட்டத்திலும், குறிப்பாக இளையோர் தேசிய அணிகளில், நாட்டுக்கு நாடு கண்டறியப்பட்டது. காரணம் வெளிப்படையானது. வயதுப் பிரிவு ஜனவரி 1ஆம் திகதியிலிருந்து கணிக்கப்படுமாயின், ஜனவரியிற் பிறந்தவனும் டிசம்பரிற் பிறந்தவனும் ஒரே அணித்தேர்வில் நிற்பர். பத்து வயதில் அவ்விருவருக்குமிடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஓராண்டு. வாழ்ந்த காலத்திற் பத்திலொரு பங்கு. மூத்தவன் உயரமானவன், விரைந்தோடுபவன், மோதலில் நிலைகுலையாதவன். தேர்வாளர் இதனைத் திறமை என வாசிக்கின்றார்.

அதன்பின் நிகழ்வதே முக்கியமானது. தேர்வானவன் சிறந்த பயிற்றுநரையும், கூடுதலான பயிற்சி மணித்தியாலங்களையும், வலிமை மிக்க எதிரணிகளையும் பெறுகின்றான். தேர்வாகாதவன் அயலிலுள்ள திடலுக்குத் திரும்புகின்றான். பலவேளைகளில் ஆட்டத்தையே கைவிடுகின்றான். ஐந்தாண்டுகளின் பின் இருவரையும் ஒப்பிட்டால் முன்னவனே சிறந்தவனாயிருப்பான். தேர்வாளர் தமது கண் பொய்க்கவில்லையென மகிழ்வர். மதிப்பீடானது தான் அளப்பதாகக் கூறிக்கொள்ளும் பொருளைத் தானே உற்பத்தி செய்துவிடுகின்றது.

விதிவிலக்குகள் இவ்வியக்கத்தை மேலும் தெளிவுறக் காட்டுகின்றன. இங்கிலாந்திற் பிரிவுக்கணிப்பு செப்டெம்பர் 1இல் தொடங்குகின்றது. ஹரி கேன் 1993 ஜூலை 28இற் பிறந்தவர். அதாவது தமது பிரிவில் மிக இளையோருள் ஒருவர். ஆர்சனல் கழகம் சிறுவயதிலேயே அவரை விலக்கியது. பின்னர் டொட்டன்ஹாம் கழகமும் அவரை நான்கு கழகங்களுக்கு இரவல் கொடுத்தது. 2023 மார்ச்சில் அவர் வெயின் ரூனியின் 53 கோல்களைத் தாண்டி இங்கிலாந்து தேசிய அணியின் அதிக கோல்களுக்குரியவரானார். அன்ருவான் கிறீஸ்மன் மார்ச்சிற் பிறந்தவராயினும் உருவிற் சிறியவர். பிரெஞ்சுக் கழகங்கள் பல அவரை ஏற்க மறுத்தன. ஸ்பெயினின் ரியல் சொசியெடாட் கழகத்தில் வளர்ந்து 2018இற் பிரான்சுக்கு உலகக் கிண்ணம் வென்று கொடுத்தோருள் ஒருவரானார். இத்தகைய கதைகளை விடாமுயற்சியின் வெற்றியாகக் கூறி இன்புறுதல் வழக்கம். எமக்கோ வேறொரு வினா எழுகின்றது. வேறொரு கழகமோ அயல்நாட்டுக் கண்ணொன்றோ தற்செயலாக வாய்க்காத கேன்களும் கிறீஸ்மன்களும் எத்தனை பேர்? அவர்களுக்குப் பதிவேடு கிடையாது.

பிறந்த மாதம் இயற்கையின் தற்செயல். பணப்பை அத்தகையதன்று. இவ்விடயத்தில் ஐக்கிய அமெரிக்கா செழுமையான சான்றுகளைத் தருகின்றது. அங்கு இளையோர் கழகங்கள் பெரும்பாலும் பெற்றோர் செலுத்தும் கட்டணத்தில் இயங்குவன. போட்டிப் பயணங்களையும் சேர்த்தால் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டொலர் செலவாகும். கிளின்ற் டெம்ஸி டெக்சாஸ் மாநிலத்தின் நகொக்டோசஸ் என்னும் சிறிய ஊரில் வசதி குறைந்த குடும்பத்தில் வளர்ந்தவர். மெக்சிக்கோவிலிருந்தும் ஏனைய இலத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்தும் குடியேறியோருடன் ஆடிப் பழகியவர். டலஸ் நகரத்துக் கழகமொன்றில் இடம் கிடைத்தபோது ஒரு வழிக்கே மூன்று மணித்தியாலப் பயணம் தேவைப்பட்டது. டெனிஸ் ஆடிய தமக்கையின் செலவையும் அக்குடும்பமே தாங்கவேண்டியிருந்தமையால் அவர் ஒருகாலத்திற் கழக ஆட்டத்தை நிறுத்தினார். ஏனைய ஆட்டக்காரரின் பெற்றோர் உதவியமையாலேயே அவர் பயணம் தொடர முடிந்தது. அவரும் தேசிய அணிக்காக 57 கோல்களை அடித்து டொனவனுக்குச் சமமாக நிற்கின்றார். தேசிய வரலாற்றின் முதலிடத்தைப் பகிரும் ஒருவர் பட்டியலில் இடம்பெறுவதும் பெறாததும் சில குடும்பங்களின் தாராள மனத்தில் தங்கியிருந்தது.

இதனைப் பயிற்றுநரின் கல்நெஞ்சமென விளக்க முடியாது. பொருளாதார அமைப்பே இதன் அடித்தளம். 2001இல் வகுக்கப்பட்ட சர்வதேச விதிகளின்படி, தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் பணத்துக்குக் கைமாறி வேறொரு நாட்டுக் கழகத்துக்குச் செல்லும்போது, அத்தொகையில் ஐந்து சதவீதம் பன்னிரண்டு வயது முதல் அவரைப் பயிற்றுவித்த கழகங்களிடையே பகிரப்பட வேண்டும். இதனாற் பிரேசிலிலோ பிரான்சிலோ உள்ள சிறு கழகமொன்று ஏழைச் சிறுவனைக் கட்டணமின்றி வளர்ப்பதில் இலாபநோக்கு இருக்கலாம். ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சம்மேளனமோ சட்டத்தடைகளைக் காட்டி நெடுங்காலம் இம்முறையை நடைமுறைப்படுத்தவில்லை. 2019இலேயே அந்நாட்டின் முதன்மைத் தொழில்முறை லீக் இக்கொடுப்பனவுகளைக் கோரப்போவதாக அறிவித்தது. கண்டுபிடித்து வளர்த்தவனால் வருவாய் இல்லையெனின், வருவாய் கட்டணம் செலுத்துவோரிடமிருந்தே வரவேண்டும். கட்டணம் செலுத்துவோரின் பிள்ளைகளே ஆடுவர். ஆடுவோரே காணப்படுவர். காணப்பட்டோரிலிருந்தே ‘நாட்டின் தலைசிறந்த ஐம்பதின்மர்’ வரிசைப்படுத்தப்படுவர். 2017 ஒக்டோபரில் டிரினிடாட்-டுபாகோவிடம் 2–1 எனத் தோற்று அந்நாடு 2018 உலகக் கிண்ணத்துக்குத் தகுதிபெறத் தவறியபோது இவ்வமைப்புப் பற்றிய விவாதம் பொதுமக்களிடையே வலுத்தது.

கடவுச்சீட்டும் இங்கே ஒரு மூலதனம். பதினெட்டு வயதுக்குட்பட்டோர் நாடுவிட்டு நாடு கழகம் மாறுதல் பொதுவாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. கிறிஸ்டியன் புலிசிக் 2015இற் பதினாறு வயதில் ஜேர்மனியின் டோர்ட்முண்ட் கழகத்திற் சேரக்கூடியதாயிருந்தமைக்கு அவர் பாட்டனார் வழிவந்த குரொவேசியக் குடியுரிமையே துணைசெய்தது. அதே திறனுடன் அத்தகைய பாட்டனார் இல்லாதவன் ஈராண்டு காத்திருத்தல் வேண்டும்.

மாற்றுவழி இல்லையா? ஜேர்மனி 2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணத்தில் ஒரேயொரு புள்ளியுடன் வெளியேறியபின், தொழில்முறைக் கழகங்கள் இளையோர் பயிற்சி நிலையங்களை நடத்துவதை உரிமப்பத்திரத்துக்கான நிபந்தனையாக்கியது. 2002 தொடக்கம் நாடெங்கும் ஏறத்தாழ 366 பயிற்சித் தளங்களைத் தேசிய சம்மேளனமே ஏற்று நடத்தியது. சிற்றூர்ச் சிறுவனைத் தேடிப் பயிற்றுநர் செல்லும் முறை இது. 2009இல் இருபத்தொரு வயதுக்குட்பட்ட ஐரோப்பியப் போட்டியில் இங்கிலாந்தை 4–0 என வென்ற அணியிலிருந்து நோயர், பொவாத்தெங், ஹும்மல்ஸ், ஹோவெடெஸ், கெடீரா, ஓசில் ஆகிய அறுவர் 2014 உலகக் கிண்ணக் குழாமில் இடம்பெற்றனர். குடிபெயர்ந்து வந்த தொழிலாளர் சமூகத்தைச் சேர்ந்த ஓசிலின் பெயர் இவ்வரிசையில் இருத்தல் தற்செயலன்று. அதேவேளை 2018, 2022 உலகக் கிண்ணங்களில் அந்நாடு முதற்சுற்றிலேயே வெளியேறியமையையும் மறைத்தலாகாது. பிறந்த மாதத்தின் ஆதிக்கமும் அங்கு ஒழியவில்லை.

இவ்வாறெல்லாம் கூறுதல் திறமை என்பதே பொய்யென்று வாதிப்பதாகாது. அது கொச்சைச் சமூகவியல். பந்து காலில் ஒட்டிக்கொண்டது போல ஓடும் சிறுவனும் அவ்வாறு ஓடவியலாத சிறுவனும் உளர். பணமும் மாதமும் மட்டும் குறூசை ஆக்கிவிடா. ‘ஜேர்மன் கருத்தியல்’ நூலில் மார்க்சும் ஏங்கெல்சும் ரபாயெல் என்னும் ஓவியர் குறித்து இதே சிக்கலை ஆராய்ந்தனர். ரபாயெல் போன்ற ஒருவர் தம் ஆற்றலை விருத்தி செய்ய இயலுமா என்பது அவர்காலத்துத் தேவையிலும், அத்தேவையை உருவாக்கிய தொழிற்பிரிவினையிலும் தங்கியுள்ளது என்பது அவர்தம் முடிபு. அவர்கள் ஆற்றலை மறுக்கவில்லை. அது வெளிப்படும் வாயிலைச் சுட்டினர். இலக்கியத்தில் அவ்வாயில் எது என்பதைப் பதிப்பகங்களின் முகவரிகளைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். அது வேறு கட்டுரைக்குரிய பொருள்.

தேர்வாளருட் சிலர் இவற்றை உணர்ந்துள்ளனர். பெல்ஜியத்தில், உடல்வளர்ச்சி பிந்திய சிறுவர்களுக்கெனத் தேசிய மட்டத்தில் தனியணிகள் அமைக்கப்பட்டன. இங்கிலாந்திலே பிறந்த ஆண்டை விடுத்து உடல் முதிர்ச்சியின் அடிப்படையிற் பிரிவு வகுத்துச் சில போட்டிகள் நடத்திப் பார்த்துள்ளனர். அமெரிக்காவில் 2015இல் பிரிவுக்கணிப்புத் திகதியை ஓகஸ்ட் 1இலிருந்து ஜனவரி 1க்கு மாற்றுவதாக அறிவித்தனர். இளையோர் அமைப்புகள் பல 2026–27 பருவத்திலிருந்து மீண்டும் ஓகஸ்ட் 1க்கே திரும்பத் தீர்மானித்தன. டிசம்பரிற் பிறந்த சிறுவர் இதனாற் பிரிவின் கடைக்கோடியிலிருந்து விடுபடுவர். அவ்விடத்துக்கு ஜூலையிற் பிறந்தோர் வந்துசேர்வர். அவர்தம் பெற்றோர் செலுத்தும் கட்டணத்தில் இத்திகதி மாற்றம் எதனையும் குறைக்கவில்லை.