புதிய மென்பொருளும் அளவீட்டு இரைச்சலும்

ஆய்கூடத்துக் கணினியிற் பழைய மென்பொருளை நீக்கிப் புதியதை நிறுவிய மறுநாளே அளவீடுகள் நிலைகொள்ளாது துடிப்பதுண்டு. நேற்றுவரை நேர்கோடாய்ச் சென்ற வரைபு இன்று வாள்பல் போலத் தோன்றும். கருவி பழுதுற்றதென்று உடனே முடிவு செய்வாருமுளர். எனினும் மென்பொருள் தானே இரைச்சலைப் பிறப்பித்தல் அரிது. முன்பு அடங்கியிருந்ததை வெளிப்பட விடுதலே பெரும்பான்மை.

தம்பலகாமத்து வயல்நீரின் வெப்பநிலையை ஒரு மாணவர் வெப்பவிணை கொண்டு அளக்கின்றார் எனக் கொள்வோம். கே வகை வெப்பவிணை ஒரு பாகை செல்சியசுக்குத் தருவது ஏறக்குறைய 41 மைக்கிரோவோல்ற்று மாத்திரமே. அருகிலுள்ள 230 வோல்ற்று மின்கம்பி இச்சிறு சைகையின்மீது தன் அலையை எளிதில் ஏற்றிவிடும். இலங்கையின் மின்வழங்கல் செக்கனுக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெக்கன். அளவி சரியாக அவ்வளவு நேரம் சைகையைத் திரட்டிச் சராசரி காணுமாயின், அலையின் மேடும் பள்ளமும் தம்முள் ஈடாகி அழியும். வட அமெரிக்காவிலோ மின்வழங்கல் 60 சுற்று. புதிய மென்பொருள் அதனையே தொடக்க அமைப்பாகக் கொண்டிருப்பின், திரட்டும் நேரம் 16.67 மில்லிசெக்கனாகக் குறையும். அப்போது 50 சுற்றலையின் வீச்சத்தில் ஐந்திலொரு பங்குவரை அளவீட்டில் எஞ்சி, ஒவ்வொரு முறையும் வெவ்வேறளவில் வந்து சேரும். 100 மில்லிசெக்கன் திரட்டினால் இத்தொல்லை இல்லை. அது முன்னதற்கு ஐந்து சுற்று, பின்னதற்கு ஆறு சுற்று.

இனி, பழைய மென்பொருள் பதினாறு அளவீடுகளின் சராசரியை ஓர் அளவீடாகக் காட்டியிருக்கலாம். அதனைப் புதியது கைவிட்டால், எழுந்தமான சிதறல் நான்கு மடங்காகத் தோன்றும். கருவி அன்றும் இன்றும் ஒன்றே.

காரணத்தை வேறுபடுத்தியறிய, முதற்கண் வெப்பவிணையைக் கழற்றி அளவியின் இரு முனைகளையும் சிறுகம்பியால் இணைத்தல் வேண்டும். துடிப்பு நின்றால் அது வெளியிலிருந்து வந்தது. நில்லாவிடின் அளவியையும் அதன் அமைப்பையும் ஆராய்க. மடிக்கணினியாயின் மின்னேற்றியைப் பிடுங்கிப் பார்த்தலும் நன்று. அதனோடு இரைச்சல் அகலுமாயின் மின்னேற்றியின் வழியாகவோ புவித்தொடுப்பின் வழியாகவோ அது நுழைகின்றது. பின்னர் பழைய மென்பொருளை வேறொரு கணினியில் இயக்கி, அதே கருவியை அதே மேசையில் அளந்து ஒப்பிடுக. இரண்டை ஒருங்கே மாற்றுவோர் எதனையும் அறியார்.

1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓம்டெல் என்னுமிடத்திற் பென்சியாசும் வில்சனும் தம் அலைவாங்கியின் நீங்கா இரைச்சலை இவ்வாறே துருவினர், புறாவெச்சத்தையும் துடைத்தனர். எஞ்சியது அண்டத்தின் தொல்கதிர்ப்பு. 1978இல் நோபெல் பரிசும் கிடைத்தது. ஆய்கூட இரைச்சலுக்கு அத்தகைய பேறு வாய்ப்பது அருமை!

துடிப்பைவிட அஞ்சத்தக்கது அமைதியான பிழை. செக்கனுக்கு 49 முறை மட்டும் மாதிரி எடுத்தால், 50 சுற்றலை செக்கனுக்கு ஒரு சுற்றாக மெல்ல அசையும் பொய்யலையாகிவிடும். மாணவர் அதனை நீரின் இயல்பென்றே எழுதிவைப்பார். மாதிரி எடுத்தபின் அதனை மெய்யலையினின்று பிரித்தல் இயலாது. எடுக்குமுன்னரே வடிகட்டல் வேண்டும். ஆகவே மென்பொருள் மாறிய நாள், திரட்டும் நேரம், சராசரி எண், மாதிரி வீதம் ஆகிய நான்கும் அளவீட்டேட்டில் எழுதப்படாதவிடத்து, அந்நாளுக்கு முன்னெடுத்த அளவீடுகளையும் பின்னெடுத்தவற்றையும் ஒரே வரைபிற் சேர்த்தல் தகாது.