ஒரு தபால் பெட்டி, 400 பிரதிகள்

கம்ப்யூட்டரைப் பிரிப்போம் – 9

போன வாரம் பவர் சப்ளையோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் ஹார்ட் டிஸ்க்.

என் அக்கா மகன் கல்லூரியில் சேர்ந்த கையோடு, கேம் ஆடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யக் கிளம்பியிருக்கிறான். பட்ஜெட்டில் பாதிக்கு மேல் கிராபிக்ஸ் கார்டு தின்றுவிட்டது. மிச்சக் காசை வைத்துக்கொண்டு கடையிலிருந்தே போன் செய்தான்.

“மாமா, ஹார்ட் டிஸ்க் 5400 எடுக்கவா, 7200 எடுக்கவா? கேமிங்னா 7200தான்னு கடைக்காரர் சொல்றார்.”

கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. பத்து வருஷம் பழசான உண்மை.

அந்த எண், டிஸ்க்குக்குள் இருக்கும் தட்டு நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பதைச் சொல்கிறது. 7200 என்றால் நொடிக்கு 120 சுற்று. கேட்கத் தலை சுற்றும். ஆனால் திருவிழாக் குடை ராட்டினத்தை நினைத்துப் பாருங்கள். ஓரத்தில் நிற்கும் அப்பா, தன் பிள்ளை உட்கார்ந்திருக்கும் குதிரை எதிரே வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். சில நேரம் உடனே வந்துவிடும். சில நேரம் இப்போதுதான் கடந்து போயிருக்கும். முழுச் சுற்றும் வர வேண்டும். சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருப்பு. 7200-இல் அது 4.2 மில்லி நொடி, 5400-இல் 5.6. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 1.4 மில்லி நொடி, அவ்வளவே.

இதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. தட்டின் மேல் நீண்டிருக்கும் கை, சரியான வட்டத்துக்கு நகர்ந்து போய் நிற்க வேண்டும். வீட்டு கம்ப்யூட்டர் டிஸ்க்குகளில் இதற்குச் சராசரியாக 9 மில்லி நொடி ஆகிறது. தட்டு வேகமாகச் சுற்றினால் கை வேகமாக நகர்ந்துவிடாது. ஆக, 7200 டிஸ்க்கில் ஒரு துண்டுத் தகவலைத் தேடிப் பிடிக்க 13 மில்லி நொடி. நொடிக்கு 75 துண்டு தேறினால் அதிகம். ஒரே நீளமாக எழுதிவைத்த சினிமா ஃபைல் என்றால் இதே டிஸ்க் நொடிக்கு 150 எம்பிக்கு மேல் சிரமமில்லாமல் அள்ளிக் கொடுக்கும். கேம் அப்படிப்பட்டதல்ல. ஒரு தெருமுனை திரும்பினால் சுவர், கார், மரம், காலடிச் சத்தம் என்று நூற்றுக்கணக்கான துண்டுகளை ஒரே நேரத்தில் கேட்கும்.

சுற்றைக் கூட்டிப் பார்க்காமல் யாரும் விட்டுவிடவில்லை. சீகேட் 1992-இல் பாரகூடா என்ற பெயரில் 7200-ஐக் கொண்டுவந்தது. 1996-இல் 10,000, 2000-இல் 15,000 என்று ஏற்றிக்கொண்டே போனது. இவையெல்லாம் சர்வர்களுக்கு. 2003-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல், ராப்டர் என்ற டிஸ்க் மூலம் 10,000 சுற்றை மேஜைக் கம்ப்யூட்டருக்கு இறக்கியது. கொள்ளளவு வெறும் 36 ஜிபி. கேம் பைத்தியங்கள் அதையும் வாங்கினார்கள். 2006-இல் அதே வரிசையில் 150 ஜிபி ராப்டர் எக்ஸ் வந்தது. அதன் மூடியில் கண்ணாடி மாதிரி ஒரு ஜன்னல். உள்ளே கை அங்குமிங்கும் துடிப்பதைப் பார்த்துக்கொண்டே கேம் லோடாகக் காத்திருக்கலாம். காத்திருப்புக்கு ஜன்னல் வைத்து விற்ற பொருள் வேறெதுவும் எனக்கு நினைவில் இல்லை.

இவ்வளவு செய்தும் ராப்டரில் அரைச் சுற்றுக் காத்திருப்பு 3 மில்லி நொடிக்கு வந்ததே தவிர, ஒழியவில்லை.

அப்படியென்றால் 7200 எப்படி இத்தனை வருஷம் போதுமானதாக இருந்தது? விடை கம்ப்யூட்டரில் இல்லை, டிவிக்குக் கீழே இருக்கிறது. 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4-க்குள் இருந்தது 500 ஜிபி, 5400 சுற்று டிஸ்க். பெரிய கேம்களில் பல, கன்சோலுக்கும் கம்ப்யூட்டருக்கும் சேர்த்தே தயாராகின்றன. பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை மற்றவர்கள் இலையை மூடாமல் உட்கார்ந்திருப்பதுபோல, கேம் செய்கிறவர்கள் அந்த 5400-க்காகக் காத்திருந்தார்கள். நாயகன் லிஃப்டில் ஏறி நின்று அரட்டை அடிப்பதும், பாறை இடுக்கில் உடம்பை நுழைத்து அங்குலம் அங்குலமாக நகர்வதும் பல கேம்களில் கதைக்காக வைத்த காட்சிகள் அல்ல. பின்னால் அடுத்த ஊர் லோடாகிக்கொண்டிருக்கும்.

இதைவிட வேடிக்கையான தந்திரம் ஒன்றை பிளேஸ்டேஷன் 5-இன் வடிவமைப்பாளர் மார்க் செர்னி 2020 மார்ச்சில் ஓர் உரையில் சொன்னார். ஸ்பைடர்மேன் கேமில் நியூயார்க் தெருவெங்கும் தபால் பெட்டிகள் நிற்கும். ஒவ்வொரு தெருவுக்கும் அந்தத் தபால் பெட்டியைத் தேடிக் கை ஓடினால் ஸ்பைடர்மேன் அந்தரத்தில் தொங்க வேண்டியதுதான். அதனால் தெருத் தகவல் எழுதிய இடத்திலெல்லாம் பக்கத்திலேயே தபால் பெட்டியையும் எழுதிவிட்டார்கள். இப்படிச் சில பொருட்கள் ஒரே டிஸ்க்கில் 400 முறை இருந்தன. கல்யாணச் சமையலில் அடுப்புக்கு அடுப்பு ஒரு கடுகுக் கிண்ணம் வைப்பார்களே, அதே கணக்கு. கடுகு வீண்தான், ஆனால் தாளிப்பு கருகாது.

2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் சுற்றும் தட்டே கிடையாது. நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும் எஸ்எஸ்டி. கை இல்லை, ராட்டினம் இல்லை. தேடும் நேரம் ஒரு மில்லி நொடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பந்தியின் கடைசி ஆள் மாறிவிட்டார். 2023-இல் வந்த ஸ்டார்ஃபீல்ட் என்ற கேம், எஸ்எஸ்டி கட்டாயம் என்று தேவைப் பட்டியலிலேயே போட்டது. அதே வருஷம் சைபர்பங்க் 2077-உம் ஹார்ட் டிஸ்க்கைக் கைகழுவியது.

கடுகுக் கிண்ணங்கள் மட்டும் சில இடங்களில் மிச்சம் இருந்தன. ஹெல்டைவர்ஸ் 2 என்ற கேம் கம்ப்யூட்டரில் 154 ஜிபி பிடித்தது. ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்கள் கஷ்டப்படக் கூடாதென்று பிரதி மேல் பிரதியாக எழுதியிருந்தார்கள். 2025 கடைசியில் அளந்து பார்த்தால், லோடிங் நேரத்தைத் தின்றது டிஸ்க் இல்லை, கேம் தன் களத்தை உருவாக்கிக்கொள்ளும் கணக்கு. பிரதிகளைத் தூக்கியதும் அளவு 23 ஜிபிக்கு இறங்கியது. டிஸ்க்கைப் பற்றிய பயத்துக்கு மட்டும் 131 ஜிபி வாடகை!

மருமகனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். டிஸ்க் வேகத்தால் திரையில் ஓடும் பிரேம் எண்ணிக்கை பொதுவாகக் கூடாது. அது கிராபிக்ஸ் கார்டு, பிராசஸர் பாடு. டிஸ்க் மாறினால் மாறுவது லோடிங் நேரம், ஓட்டத்தின் நடுவே வரும் திக்கல், சுவர்ப்படம் மங்கலாக வந்து பிறகு தெளிவது போன்றவை. விண்டோஸும் இப்போது ஆடும் கேம்களும் எஸ்எஸ்டியில் இருக்கட்டும். மதர்போர்டில் எம்.2 இடம் இருந்தால் அதில் சொருகுவது. இல்லாவிட்டால் பழைய சாட்டா கேபிளில் மாட்டும் எஸ்எஸ்டியே போதும். பெட்டியில் நொடிக்கு 7,000 எம்பி என்று போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதே. சாட்டா எஸ்எஸ்டிக்கும் அதற்கும் இன்றைய பெரும்பாலான கேம்களில் வித்தியாசம் சில நொடிகள்தான்.

ஹார்ட் டிஸ்க் வேண்டுமென்றால் பரண் மாதிரி வைத்துக்கொள். ஆடி முடித்த கேம், படம், போட்டோ அங்கே போகட்டும். ஸ்டீமில் கேமை ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்த வசதி இருக்கிறது. பரணுக்கு 5400 தாராளம். சூடு குறைவு, சத்தமும் குறைவு.

அவன் 1 டிபி எஸ்எஸ்டி வாங்கினான். பரணுக்கு என் பழைய கம்ப்யூட்டரிலிருந்த 7200 டிஸ்க்கைக் கழற்றிக் கொடுத்தேன். மாட்டிய அன்று ராத்திரி பதினொரு மணிக்கு மறுபடி போன்.

“மாமா, கேபினெட்டுக்குள்ள கரகரன்னு ஏதோ சத்தம் வருது. ரிப்பேரா?”

“இல்லடா, அது வேலை செய்ற சத்தம்.”

(தொடரும்)